நோய்த்தொற்றுக் காலமும் தொலைபேசியும்

(யூபிலி விழாவின் இரண்டாம் நாள் மாலை, கெலமங்கலம் பங்கு மண்டபத்தில் மருத்துவப் பணிக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

யூபிலி ஆண்டென்றால் கோயில் எழும்பிய கதையும் மணி வந்து சேர்ந்த கதையும் பேசுவது வழக்கம். அவற்றை நேற்றே பெரியவர்கள் அழகாகப் பேசிவிட்டார்கள். எங்களுக்குப் பங்குத் தந்தை கொடுத்த தலைப்பு வேறு. கொரோனாக் காலத்தில் நம் பக்கத்துச் செவிலியருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் தொலைபேசி எவ்விதம் கைகொடுத்தது என்பதைச் சொல்லுங்கள் என்றார். நோயாளிக்குச் செய்யப்பட்ட உதவியைப் பற்றிப் பேசுவோர் பலர். அந்த நோயாளியின் பக்கத்தில் தனியாக நின்ற சிஸ்டருக்கு யார் துணையிருந்தார்கள் என்று கேட்போர் அதிகமில்லை. ஆகவே மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டோம். (சிஸ்டர் என்றதும் முன்வரிசையில் கன்னியர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். இன்று மாலை அச்சொல் ஆஸ்பத்திரிச் செவிலியரையே குறிக்கும். இருவரும் ஒருவராக இருக்குமிடத்தில் தனியே சொல்லுகிறோம்.)

நம் ஊர் இருக்கும் இடத்தை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும். வடக்கே ஓசூர், அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அப்பால் பெங்களூர். காய்ச்சலுக்குக் கெலமங்கலம், கொஞ்சம் பெரிதென்றால் ஓசூர், உயிருக்குப் போராட்டமென்றால் பெங்களூர் என்பதே நம் வீடுகளில் எழுதாத சட்டம். மற்றொரு பக்கம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் என்று காடும் மலையும். அங்கே சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஒரு மலையையே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தது. ஜூஜூவாடிச் சோதனைச் சாவடி அடைபட்டது. பெங்களூர் என்ற வாசல் ஒரே இரவில் மூடிக்கொண்டது. அப்போது நம் மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி கிடையாது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில்தான். ஏப்ரல் முடிவில் தமிழகத்திலேயே பச்சை மண்டலமென்று அறிவிக்கப்பட்ட ஒரே மாவட்டம் நம்முடையது என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்தப் பெருமை மே மாதத்தில் போயிற்று. போனபின் ஓடிவந்தது நோயாளிகள் மட்டுமல்ல, கேள்விகளும்தான். புதிய நோய். பாடப்புத்தகத்தில் இல்லை. நேற்றுச் சொன்னது இன்று மாறுகிறது. துணைச் சுகாதார நிலையத்தில் இருக்கும் ஒரு பெண் யாரைக் கேட்பாள்?

அதே மார்ச் 25 அன்று டில்லியில் ஒரு காரியம் நடந்தது. தொலைபேசி வழியாகவும் காணொளி வழியாகவும் மருத்துவம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. அதற்கு முன் டாக்டர் ஒருவர் போனில் மருந்து சொல்லலாமா, சொன்னால் சட்டப்படி குற்றமாகுமா என்பது தெளிவில்லாமல் இருந்தது. எனவே நல்ல டாக்டர்கள்கூட, "நேரில் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இப்புதிய விதிமுறைகளில் நோயாளி டாக்டரை அழைப்பது ஒரு வகை. டாக்டர் டாக்டரை அழைப்பது ஒரு வகை. சுகாதாரப் பணியாளர் டாக்டரை அழைப்பதும் தனியொரு வகையாகச் சேர்க்கப்பட்டது. செவிலியர் நோயாளியைப் பரிசோதித்து, கண்டதைச் சொல்ல வேண்டும். நோயாளியின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். போனில் பார்ப்பதற்குள்ள எல்லையை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மருந்து எழுதும் பொறுப்பு டாக்டருடையது. போனில் பார்த்தால் போதுமா, நேரில் வர வேண்டுமா என்று முடிவு செய்வதும் அவரே. சில மருந்துகளைப் போனில் எழுதவே கூடாது.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இதனால் நடுங்கிய கைகள் எத்தனையோ உறுதிப்பட்டன. "டாக்டர் சொன்னார், நான் செய்தேன், பொறுப்பு அவருடையது" என்று ஒரு சிஸ்டர் தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது.

மூன்று நாள் கழித்து, மார்ச் 28 அன்று, டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் கான்டெக் என்ற தேசிய ஆலோசனை மையம் தொடங்கப்பட்டது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் கொரோனா நோயாளியைப் பார்க்கும் டாக்டர் ஒரே எண்ணில் அழைத்தால், இரவும் பகலும் அங்குள்ள நிபுணர்கள் பதில் சொல்வார்கள் என்று ஏற்பாடு. அதற்கு முன்பே, 2019 நவம்பரில், இ-சஞ்சீவனி என்ற திட்டம் தொடங்கியிருந்தது. கிராமத்துச் சுகாதார நிலையத்திலிருக்கும் பணியாளர் நோயாளியைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பெரிய மருத்துவமனையின் டாக்டரோடு பேசுவதே அதன் நோக்கம். 2020 ஏப்ரல் 13 முதல் மக்கள் வீட்டிலிருந்தே டாக்டரை அழைக்கும் பிரிவும் அதில் சேர்ந்தது. இன்றுவரை அதன்மூலம் நடந்த ஆலோசனைகள் 20 கோடியைத் தாண்டிவிட்டன. அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடும் இருந்தது.

இவ்வெண்ணம் இக்காலத்தில் தோன்றியதென்று நினைக்க வேண்டாம். 1935-ல் உரோமை நகரில் குவிதோ குவிதா என்ற மருத்துவர் ஒரு நிலையத்தை நிறுவினார். நடுக்கடலில் டாக்டர் இல்லாத கப்பலில் ஒரு மாலுமி நோயுற்றால் கப்பல் தலைவர் வானொலிக் கருவி மூலம் கேட்பார். உரோமையிலிருந்து டாக்டர் இலவசமாக ஆலோசனை சொல்வார். அந்நிலையத்தின் முதல் தலைவர், வானொலித் தந்தி கண்ட மார்க்கோனியேதான். அது இன்றும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் பறக்கும் டாக்டர் சேவையினர் 1942 முதல் பண்ணை வீடுகளுக்கு ஒரு மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். மருந்தின் பெயர் வாயில் நுழையாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். டாக்டர் வானொலியில் எண்ணைச் சொன்னால் வீட்டுக்காரி எடுத்துக் கொடுப்பாள். நம் பக்கத்துச் சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவில் 2000 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் தொலைமருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கிவைத்ததும் சிலருக்கு நினைவிருக்கும். கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இந்தப் பக்கம் அருகிலிருப்பவரின் கண்ணும் கையும், அந்தப் பக்கம் தெரிந்தவரின் அறிவும் என்ற ஏற்பாடு மாறவில்லை.

இனி நம் பக்கத்து நிகழ்ச்சிகளுக்கு வருகிறோம். நம் பங்குக் குடும்பங்களிலிருந்து செவிலியராகப் போன பெண்கள் பலர். அவர்களில் சிலரோடு எங்கள் குழு உட்கார்ந்து பேசியது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

2021 மே மாதம், இரண்டாம் அலை. ஒரு சிஸ்டர் சொன்னது இது. ஐம்பத்தெட்டு வயதுக்காரர், ஐந்து நாள் காய்ச்சல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 93. ஆனால் மனிதர் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, "எனக்கு ஒன்றுமில்லையம்மா, வீட்டுக்கு அனுப்பு" என்கிறார். ஓசூரில் படுக்கை இல்லையென்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வாரம். சிஸ்டர் டாக்டரை அழைத்தார். டாக்டர் உடனே மருந்து சொல்லவில்லை. "ஆறு நிமிஷம் அறைக்குள்ளேயே நடக்க விடுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். பிறகு பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். நான்காம் நிமிஷத்திலேயே 88-க்கு இறங்கிவிட்டது. "நடையை நிறுத்துங்கள். குப்புறப் படுக்க வையுங்கள், வண்டி வரும்வரை அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, எங்கே அனுப்புவதென்றும் டாக்டரே ஏற்பாடு செய்தார். இந்நோயில் மூச்சு முட்டுவது வெளியே தெரியுமுன்பே இரத்தத்தில் பிராணவாயு குறைந்துவிடும் என்பதை நாமெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டோம். அந்த சிஸ்டர் அன்றிரவு தெரிந்துகொண்டார். அந்த மனிதர் இன்று நம் நடுவே இருக்கிறார்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. டிசம்பர் விடியற்காலையில் ரோஜாத் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு வந்த பெண்ணுக்கு ஆக்சிமீட்டர் 84 காட்டியது. கூட வந்தவர்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். போனில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கை சில்லென்று இருக்கிறதா? நகத்தில் பாலிஷ் இருக்கிறதா?" கையைத் தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் மாட்டி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் 97. நம் ஊர்க் குளிரைப் பற்றி அந்தக் கருவிக்கு என்ன தெரியும்?

மூன்றாவது, மாத்திரைக் கதை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொரோனாவில் உயிர் காக்கிறது என்று 2020 ஜூன் 16 அன்று ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரிடையே மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை இல்லை என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிவுதான். முதற்பாதி ஊரெல்லாம் பரவிற்று, பிற்பாதி பரவவில்லை. காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே கடையில் வாங்கி விழுங்கினார்கள். சர்க்கரை நோயுள்ளவர்கள் இப்படி ஸ்டீராய்டு சாப்பிட்டுக் கருப்புப் பூஞ்சை நோய்க்கு ஆளானதை 2021-ல் நாடே கண்டது. ஒரு வீட்டில் மகன் அந்த மாத்திரையை நீட்டி, "பெங்களூரில் எல்லோரும் இதைத்தான் கொடுக்கிறார்கள், நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்?" என்று சிஸ்டரிடம் சண்டைக்கு நின்றாராம். சிஸ்டர் போன் போட்டு டாக்டரையே பேசவைத்தார். தாம் மூன்று முறை சொன்னதையே டாக்டர் ஒரு முறை சொன்னார், மகன் அடங்கிவிட்டார் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இவற்றைக் கேட்டுத் தொலைபேசியே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று எண்ண வேண்டாம். எங்கே தவறியது என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்குகின்றன. உருதும் உண்டு. மலையில் இருளர் பேச்சு தனி. தொழிற்பேட்டைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளர் பேசுவது இந்தியும் ஒரியாவும். ஒரு தெலுங்கு வீட்டுப் பாட்டி, "ஆயாசம், ஆயாசம்" என்றாள். போனில் ஸ்பீக்கரைப் போட்டிருந்ததால் தொலைவிலிருந்த டாக்டர் அதைக் கேட்டு, "காய்ச்சலில் ஆயாசம் இருக்கத்தான் செய்யும், கஞ்சி கொடுங்கள், ஓய்வெடுக்கட்டும்" என்றார். தமிழில் ஆயாசம் என்றால் களைப்பு. கன்னடத்திலும் அப்படியே. தெலுங்கிலோ ஆயாசம் என்றால் மூச்சிரைப்பு! பக்கத்திலிருந்த சிஸ்டர் நம் ஊர்ப் பெண்ணாக இருந்ததால், "இல்லை டாக்டர், பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது, நிமிஷத்துக்கு முப்பது எண்ணினேன்" என்று குறுக்கிட்டார். வெளியூர்க்காரர் ஒருவர் அன்று பணியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. நல்ல டாக்டர்தான். ஒரு சொல் காலை வாரிவிடப் பார்த்தது. ஆலோசனை மையம் தலைநகரில் இருக்கலாம். அதில் எல்லைப்புறப் பேச்சு தெரிந்த நாலு பேராவது இருக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

கைப்பேசி அலையின் கதையும் எல்லையோரத்துக்கே உரியது. 104 என்ற எண் தமிழகத்தில் 2013 இறுதியில் வந்த மருத்துவ உதவி எண். கர்நாடகத்திலும் அதே 104 தான். கர்நாடகக் கோபுரத்தின் அலையைக் கைப்பேசி பிடித்துக்கொண்டால் நீங்கள் தமிழக மண்ணில் நின்று அழைத்தாலும் அந்தப் பக்கம் கன்னடத்தில் வணக்கம் சொல்வார்கள். மலைக் கிராமங்கள் சிலவற்றில் எந்த மாநிலத்துக் கோபுரமும் எட்டாது. ஒரு சிஸ்டர் அலை கிடைக்கும் பாறையொன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நோயாளியைப் பரிசோதித்து, எல்லாவற்றையும் சீட்டில் குறித்துக்கொண்டு, அந்தப் பாறைக்கு ஏறிப்போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வருவாராம். கைப்பேசி உதிரிபாகம் செய்யும் பெரிய தொழிற்சாலை நம் பக்கத்திலேயே வந்திருக்கிறது. பாறை மேல் நின்று பேசிய சிஸ்டரும் நம் பக்கத்தவர்தான்.

இவை எல்லாவற்றையும்விட எங்களைப் பாதித்தது இன்னொன்று. செவிலியரிடம், "எந்த எண்ணை அழைத்தீர்கள்?" என்று கேட்டோம். அரசாங்க எண் என்று சொன்னவர் சிலரே. பெரும்பாலோர் தமக்குத் தெரிந்த ஒரு டாக்டரையோ, பயிற்சிக் காலத்தில் கற்பித்த ஆசிரியையையோ அழைத்திருக்கிறார்கள். காரணம் கேட்டோம். ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார். முதல் அலையின்போது அவர் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சந்தேகம் கேட்டாராம். மறுமுனையில் இருந்தவர், "இதுகூடத் தெரியாமல் எப்படி வேலைக்கு வந்தாய்?" என்றாராம். பதிலையும் சொன்னாராம், சரியான பதிலைத்தான். ஆனால் அதன்பின் அந்த எண்ணை இவர் அழைக்கவேயில்லை. சந்தேகம் வந்தபோதெல்லாம் தாமாகவே யோசித்துச் செய்தாராம். "ஒருமுறை தப்பாகிவிட்டது" என்றார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அம்மருத்துவமனையின் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே போனை எடுத்தவரும் முப்பத்தாறு மணி நேரம் தூங்காதவராக இருந்திருக்கலாம். ஆயினும் ஒரு கடுஞ்சொல் ஒரு தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர், செவிலியர் ஆகியோருக்காகவே 1990-களிலிருந்து ஓர் ஆலோசனைத் தொலைபேசி நடக்கிறது. ஊசி தவறிக் கையில் குத்திக்கொண்ட பணியாளர் கேட்பதற்கென்றே அதில் தனிப் பிரிவு உண்டு. குத்திக்கொண்ட அந்த நிமிஷத்தில் ஒரு நர்ஸ் எவ்வளவு பயந்திருப்பாள்! அவளை, "ஏன் கவனமில்லை?" என்று கேட்டால் அடுத்தவள் மறைத்துவிடுவாள். ஆகவே போனை எடுப்பவருக்கு மருத்துவம் தெரிந்தால் மட்டும் போதாது. கேட்பவரைக் கூனிக் குறுக வைக்காமல் பதில் சொல்லவும் அவரைப் பழக்க வேண்டும்.

மனத்துயரைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் கொரோனாவால் உயிர்நீத்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் தடுத்ததும், எடுத்துச் சென்றவர்களைத் தாக்கியதும் நாம் பத்திரிகையில் வாசித்தோம். அதை வாசித்துவிட்டு மறுநாள் காலை பணிக்குப் போன செவிலியர் நம் வீடுகளிலும் இருந்தார்கள். வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார் என்று அழுதவரும் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2020 மார்ச் இறுதியிலேயே மனநல ஆலோசனைக்குத் தொலைபேசி எண் திறந்தது. பின்னர் 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதற்கும் டெலி-மானஸ் என்ற சேவை, 14416 என்ற இலவச எண்ணில் வந்திருக்கிறது. அதற்கும் நிம்ஹான்ஸே தலைமையகம். தமிழிலும் பேசலாம். "சிஸ்டருக்கே மனக்கஷ்டமா?" என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

இன்று நிலைமை என்ன? தொற்று அடங்கிற்று, அவசரத்துக்காகத் திறந்த எண்கள் பலவும் அதோடு ஓய்ந்தன. கேள்விகள் ஓயவில்லை. நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. இரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கப் பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாக வருகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி சில நாள், சந்தேகமோ தினமும். இரத்த அழுத்தம் 190 காட்டுகிறது, ஆள் வயலுக்குப் புறப்பட்டு நிற்கிறார், போகவிடலாமா? இதை யாரிடம் உடனே கேட்பது? இ-சஞ்சீவனி இருக்கிறது. அதற்கு நல்ல அலைவரிசையும், அந்நேரத்தில் மறுமுனையில் ஒரு டாக்டரும் வேண்டும். இரவு பத்து மணிக்கு வெறும் பொத்தான் போனிலிருந்து அழைத்தாலும் எடுக்கும் ஓர் எண் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். பாதிச் செவிலியர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மீதிப்பேர், மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்று தயங்குகிறார்கள். நோயாளிகளாகிய நாம் கையெழுத்திட யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை அல்லவா?

அதுவரை நம் பங்கில் ஒரு சிறு ஏற்பாடு. நம் குடும்பங்களைச் சேர்ந்த டாக்டர்கள் ஆறு பேரும், பணி ஓய்வுபெற்ற செவிலியர் மூவரும், அவர்களில் ஒருவர் நம் மருந்தகத்து அருட்சகோதரி, வாரத்தில் இன்னின்ன இரவு இன்னார் என்று முறை வைத்துக்கொண்டு, இப்பகுதிச் செவிலியர் அழைத்தால் எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விதிமுறைப்படி மருந்து சொல்வது டாக்டர்கள் மட்டுமே. மற்றவர்கள் என்ன பார்க்க வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்வார்கள். ஒவ்வோர் அழைப்பும் நோட்டில் எழுதப்படும். தெலுங்கும் கன்னடமும் தெரிந்தவர் ஒருவராவது ஒவ்வோர் இரவும் இருக்கும்படி பார்த்திருக்கிறோம். வியாழன் இரவுக்கு மட்டும் இன்னும் ஆள் அகப்படவில்லை.

விண்ணப்பமும் முறைப்பட்டியலும் மண்டப வாசலில் மேசைமேல் இருக்கின்றன. பேனாவும் வைத்திருக்கிறோம்.